பி.எட் முடிச்சா வெளிநாட்டில் டீச்சர் ஆகலாமா? ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"துபாய் ஸ்கூல்ல டீச்சர் வேலை. பி.எட் இருந்தா போதும். விசா, டிக்கெட் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். முன்பணம் மட்டும் கட்டுங்க."

இந்த மாதிரி ஒரு மெசேஜ் பி.எட் முடித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால், அதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. காரணம், தேவை உண்மையானது. காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி ஓட்டிய குடும்பங்களில் அடுத்த தலைமுறை தறியில் உட்காருவது குறைந்துவிட்டது. ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போனது. டிகிரி முடித்த பெண்கள் பலர் பி.எட் படித்துவிட்டுத் தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் டெட் தேர்ச்சி பெற வேண்டும், அதன் பிறகு நியமனத் தேர்வும் எழுத வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் வெளிநாட்டு வேலை என்ற பேச்சு வருகிறது. நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிவிடலாம் என்று குடும்பமும் யோசிக்கிறது.

ஆனால் அந்த மெசேஜில் வரும் "பி.எட் இருந்தா போதும்" என்ற வரி பெரும்பாலான நாடுகளுக்குச் சரியல்ல. அப்படியென்றால் வேறு என்ன வேண்டும்? எந்த நாட்டில் என்ன விதி? எதற்குப் பணம் கட்ட வேண்டும், எதற்குக் கட்டக் கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

மூன்று பூட்டு, மூன்று சாவி

வெளிநாட்டில் ஆசிரியராக வேலை பார்க்க மூன்று அனுமதிகள் தேவை. இவற்றைக் கொடுப்பது மூன்று வேறு வேறு அலுவலகங்கள்.

முதலாவது, ஆசிரியர் தகுதி. உங்கள் டிகிரியும் பி.எட்டும் தங்கள் நாட்டுப் பள்ளியில் பாடம் நடத்தப் போதுமா என்று அந்த நாட்டின் கல்வித் துறை அல்லது ஆசிரியர் பதிவு அமைப்பு முடிவு செய்யும்.

இரண்டாவது, சான்றிதழ் சரிபார்ப்பு. நீங்கள் காட்டும் சான்றிதழ் அசல்தானா என்பதை நம் நாட்டு அரசு உறுதி செய்ய வேண்டும். இதைத்தான் அட்டெஸ்டேஷன் அல்லது அப்போஸ்டில் என்கிறார்கள்.

மூன்றாவது, வேலை அனுமதியும் விசாவும். இது குடியேற்றத் துறையின் வேலை. பெரும்பாலும் வேலை கொடுக்கும் பள்ளிதான் இதைத் தொடங்கி வைக்க வேண்டும்.

பட்டு வாங்க காந்தி சாலைக்கு வருபவர், கடைக்காரர் "அசல் பட்டு" என்று சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார். அந்த முத்திரையைக் கடைக்காரரே அச்சடித்துக்கொள்ள முடியாது, அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. இங்கேயும் கதை அதுதான். ஏஜென்ட்டால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க முடியும், பள்ளியை அறிமுகப்படுத்த முடியும். ஆனால் இந்த மூன்று அனுமதிகளில் ஒன்றைக்கூட அவரால் வழங்க முடியாது.

ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்றும் இல்லை. ஆசிரியர் உரிமம் கிடைத்தவருக்கு விசா கிடைக்காமல் போகலாம். விசா கிடைத்து விமானம் ஏறியவருக்கு, வகுப்பறையில் நிற்க அனுமதி கிடைக்காமலும் போகலாம்.

ஒரே ஃபைல், நாலு நாடு

உதாரணத்துக்கு ஒரு கணித ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி கணிதம் மூன்று வருஷம், பி.எட் இரண்டு வருஷம். மெட்ரிக் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மூன்று வருஷம் கணிதம் எடுத்திருக்கிறார். இதே ஃபைலை ஒவ்வொரு நாடும் எப்படிப் பார்க்கும்?

ஐக்கிய அரபு அமீரகம்: பள்ளிதான் விண்ணப்பிக்கும்

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் முதலில் நினைப்பது வளைகுடா நாடுகளைத்தான். சி.பி.எஸ்.இ பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே நிறைய இருப்பதால், பி.எட் படித்தவர்களுக்கு இது பழகிய களம்.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஹெச்டிஏ என்ற அமைப்பு. அபுதாபியில் அந்த வேலையைச் செய்வது அடெக். ஓர் ஆசிரியரை நியமிக்க இந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பது பள்ளி நிர்வாகம்தான், தனி நபரோ ஏஜென்ட்டோ அல்ல. டிகிரி படித்த பாடமும் வகுப்பில் நடத்தப்போகும் பாடமும் பொருந்த வேண்டும். நம் உதாரண ஆசிரியை கணிதத்துக்கு விண்ணப்பித்தால் சிக்கல் இல்லை. இயற்பியல் இடம் காலியாக இருக்கிறது என்று அதற்குப் போனால் ஃபைல் திரும்பி வரலாம். தொலைநிலைக் கல்வியில் டிகிரி முடித்தவர்கள், அது அங்கே ஏற்கப்படுமா என்பதைப் பள்ளியிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது அட்டெஸ்டேஷன். அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத நாடு. அதனால் சான்றிதழ் படிப்படியாகப் போக வேண்டும்: முதலில் சென்னையில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம். ஒரு படியைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாது.

வேலை ஆஃபர் விஷயத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அமீரகத்தில் தனியார் துறை வேலைக்கான ஆஃபர் லெட்டர், மனிதவள அமைச்சகம் வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். பின்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் அடித்த ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

விசிட் விசாவில் போய் வேலை தேடலாமா?

"முதல்ல விசிட் விசால வாங்க, அங்க வந்ததும் மாத்திக்கலாம்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். விசிட் விசாவில் போய் நேர்முகத் தேர்வில் கலந்துகொள்வது வேறு, வேலை பார்ப்பது வேறு. வேலை அனுமதி இல்லாமல் ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024ல் திருத்தப்பட்ட அமீரகச் சட்டப்படி நிறுவனத்துக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். வேலை பார்த்தவர் நாடு கடத்தப்படலாம். பள்ளிக்கூட வேலையில் இது இன்னும் சிக்கல். நியமன ஒப்புதல் இல்லாதவரை ஆசிரியர் என்று கணக்கில் காட்ட முடியாததால், "அசிஸ்டென்ட்" என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு வேலை வாங்கும் நிலை வரலாம்.

இங்கிலாந்து: கட்டணமே இல்லாத உரிமம்

இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதிக்குப் பெயர் கியூடிஎஸ். 2023 பிப்ரவரி முதல் இந்தியா உள்ளிட்ட மேலும் 9 நாடுகளின் ஆசிரியர்கள் இதற்கு ஆன்லைனில் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று அந்த நாட்டுக் கல்வித் துறை அறிவித்தது. இதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "கியூடிஎஸ் பதிவுக் கட்டணம்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், அது அரசுக்குப் போகும் பணம் அல்ல.

ஆனால் எல்லா ஆசிரியர்களுக்கும் இந்தக் கதவு திறக்கவில்லை. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப் பாடம் நடத்தும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும், வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களும் இந்த வழியில் போக முடியாது. மொழி ஆசிரியர்கள், தங்கள் மொழி ஏற்கப்படுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிகிரியும் ஆசிரியர் பயிற்சியும் போக, குறைந்தது ஒரு கல்வியாண்டு பணி அனுபவம், பி2 அளவு ஆங்கிலத் திறன், பணியாற்றத் தடை ஏதும் இல்லை என்பதற்கான சான்று ஆகியவையும் தேவை. நம் உதாரணக் கணித ஆசிரியைக்கு இது சரியாகப் பொருந்துகிறது. அவருடைய தோழி அதே பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவர் என்றால், அவருக்கு இந்தக் கதவு இல்லை.

கியூடிஎஸ் இல்லாமலும் வேலை பார்க்க முடியுமா? முடியும். வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் அதிகபட்சம் 4 வருஷம் கியூடிஎஸ் இல்லாமல் பாடம் நடத்த விதி இருக்கிறது. தனியார் பள்ளிகள் கியூடிஎஸ் கட்டாயம் என்று கேட்பதில்லை. ஆனால் சம்பளத்தில் வித்தியாசம் பெரியது. 2025 செப்டம்பரில் தொடங்கிய கல்வியாண்டில், லண்டனுக்கு வெளியே தகுதி பெற்ற ஆசிரியரின் தொடக்க ஆண்டுச் சம்பளம் 32,916 பவுண்ட். தகுதி பெறாத ஆசிரியருக்கு அது சுமார் 22,600 பவுண்டில் தொடங்குகிறது.

இவ்வளவும் முதல் பூட்டு மட்டும்தான். கியூடிஎஸ் கையில் இருப்பதால் வேலையோ விசாவோ வந்துவிடாது. ஸ்பான்சர் உரிமம் உள்ள பள்ளி ஒன்று வேலை கொடுத்து, ஸ்பான்சர்ஷிப் சான்று தர வேண்டும். அதை வைத்துத்தான் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். 2026 ஜனவரி 8 முதல் இந்த விசாவுக்கும் ஆங்கிலத் திறன் பி2 அளவுக்கு உயர்த்தப்பட்டுள்ளது. விசா கட்டணத்தோடு, மருத்துவ வசதிக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்ட் தனியாகக் கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கான கட்டணத்தை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல், அதை ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வரும் ஊழியரிடம் வசூலிக்கத் தடை இருக்கிறது. "ஸ்பான்சர்ஷிப் சான்று 12 லட்சம்" என்று விலை சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியா: ஆங்கில மதிப்பெண்தான் மலை

ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்கான ஆசிரியர் தகுதி மதிப்பீட்டைச் செய்வது ஏஐடிஎஸ்எல் என்ற அமைப்பு. குறைந்தது 4 வருஷ உயர்கல்வி, அதில் ஒரு வருஷமாவது ஆசிரியர் பயிற்சி, மேற்பார்வையில் 45 நாள் வகுப்பறைப் பயிற்சி ஆகியவை வேண்டும்.

டிகிரி மூன்று, பி.எட் இரண்டு என்று ஐந்து வருஷம் படித்தவருக்கு ஆண்டுக் கணக்கு சரியாகிவிடும். 2015-16 முதல் பி.எட் இரண்டு வருஷப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் விதிப்படி அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. அதற்கு முன் ஒரு வருஷ பி.எட் முடித்தவர்கள், எத்தனை நாள் பயிற்சி எடுத்தார்கள் என்று கல்லூரியிடம் கடிதம் வாங்கிவைக்க வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் ஆங்கிலத் தேர்வு. ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் படித்தல், எழுதுதலில் 7, கேட்டல், பேசுதலில் 8 எடுக்க வேண்டும். பேசுவதில் 8 என்பது சாதாரண மதிப்பெண் அல்ல. தமிழ்வழியில் படித்த ஒருவருக்கு அது முடியாது என்றும் இல்லை, ஆனால் அதற்கென்று மாதக்கணக்கில் தயாராக வேண்டும். இதில் தேர்ச்சி பெறும் முன்பே ஏஜென்ட்டுக்கு முழுத் தொகையைக் கட்டுவது, அளவு எடுக்கும் முன் ரவிக்கையைத் தைக்கக் கொடுப்பது மாதிரி. மதிப்பீடு முடிந்த பிறகு, வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் ஆசிரியர் பதிவும் தனியாக எடுக்க வேண்டும்.

அமெரிக்கா: போய்விட்டுத் திரும்ப வேண்டும்

ஆசிரியர்களுக்கான ஜே-1 பரிமாற்ற விசாதான் இங்கே அறியப்பட்ட வழி. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமான டிகிரி, குறைந்தது 2 வருஷ முழுநேர ஆசிரியர் அனுபவம், அமெரிக்க அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு, வேலை பார்க்கும் மாநிலத்தின் தகுதி விதிகள் ஆகியவை பூர்த்தியாக வேண்டும். முதலில் 3 வருஷம், பிறகு அதிகபட்சம் 2 வருஷம் நீட்டிக்கலாம். இது நிரந்தரமாகக் குடியேறும் வழி அல்ல. இந்த விசாவில் போனவர்கள் சிலருக்கு, சொந்த நாட்டில் 2 வருஷம் இருந்த பிறகுதான் சில வகை விசாக்கள் கிடைக்கும் என்ற நிபந்தனையும் உண்டு.

ஹெச்-1பி விசா வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. சாதாரணப் பள்ளி ஒன்று ஓர் ஆசிரியருக்காக இவ்வளவு செலவு செய்யுமா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு சிங்கப்பூர், மலேசியா?

எம்.ஏ தமிழ், பி.எட் முடித்தவர்களின் முதல் கேள்வி இதுதான். சிங்கப்பூரின் 4 அதிகாரப்பூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று, பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கல்வி அமைச்சே நேரடியாகத் தேர்வு செய்கிறது. பயிற்சி தேசியக் கல்விக் கழகத்தில் நடக்கும். அமைச்சின் பெயரைச் சொல்லி இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

தனியார் கல்வி நிறுவனங்கள் வழியாகப் போவதென்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும். 2025 ஜனவரி முதல் அதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட இந்த வரம்பும் உயரும். அதற்கு மேல் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளிகள் எடுக்க வேண்டும். 2,000 டாலர் சம்பளத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று ஆஃபர் வந்தால், அந்தக் கணக்கே இடிக்கிறது.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அரசு ஆசிரியர் பணி அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. அங்கே வாய்ப்பு என்றால் சர்வதேசப் பள்ளிகள் போன்ற தனியார் நிறுவனங்கள்தான்.

இனிஷியலில் சிக்கும் ஃபைல்

நம் ஊர்ச் சான்றிதழ்களுக்கே உரிய ஒரு பிரச்சினை இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன் இனிஷியல், டிகிரியில் பெயருக்குப் பின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலருக்கு இவர்கள் நாலு பேர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, தேவையான திருத்தத்தையோ உறுதிமொழிப் பத்திரத்தையோ தயார் செய்துகொள்ள வேண்டும்.

அனுபவச் சான்றும் இதே மாதிரிதான். "இவர் எங்கள் பள்ளியில் நன்றாகப் பணியாற்றினார்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பாடம், எந்த வகுப்புகள், முழுநேரமா பகுதிநேரமா என்று இருக்க வேண்டும். சம்பளத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் இப்போதே வங்கிக் கணக்கு வழியாகச் சம்பளம் வாங்குவதும், நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைப்பதும் பின்னால் உதவும்.

ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. இதற்கு ரசீது கொடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஆள் எடுப்பது 2 வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பதிவு இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பதிவு எண்ணை வாங்கி, அந்தப் பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். டிராவல்ஸ் கடையோ ஐஈஎல்டிஎஸ் பயிற்சி மையமோ நடத்துவதால் ஆள் எடுக்கும் அனுமதி வந்துவிடாது.

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களின் பாஸ்போர்ட்டுக்கு வளைகுடா போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. பட்டதாரி ஆசிரியர்கள் எல்லோரும் இதில்தான் வருவார்கள். "எமிகிரேஷன் கிளியரன்ஸுக்கு 50 ஆயிரம்" என்று தனியாகக் கேட்டால், அதற்குக் காரணமே இல்லை.

அட்டெஸ்டேஷனிலும் இதைப் பார்க்க வேண்டும். அப்போஸ்டில் ஏற்கும் நாடுகளுக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். விண்ணப்பத்தை வாங்கும் சேவை நிறுவனத்தின் சிறு கட்டணம் தனி. தூதரகக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். ஏஜென்ட் சொல்லும் மொத்தத் தொகையில் அரசுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளில் ஆசிரியர் பணியிடம் வருகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது இலவசம்.

எந்த வரிசையில் போகலாம்?

1. பாஸ்போர்ட், மார்க்‌ஷீட், டிகிரி, பி.எட் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றா என்று பாருங்கள்.

2. போக நினைக்கும் நாட்டின் கல்வித் துறை இணையதளத்தில், உங்கள் பாடத்துக்கும் நீங்கள் எடுக்கும் வகுப்புக்கும் அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த நாட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

3. ஆங்கிலத் தேர்வு வேண்டுமென்றால் அதை முதலில் எழுதுங்கள்.

4. பள்ளியின் பெயரை அந்த நாட்டு அரசுப் பட்டியலில் தேடுங்கள். ஆஃபர் வந்தால், பள்ளியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணிலோ மின்னஞ்சலிலோ கேட்டு உறுதி செய்யுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணில் வேண்டாம்.

5. அட்டெஸ்டேஷனை, எந்த நாடு என்று முடிவான பிறகு தொடங்குங்கள். ஒரு நாட்டுக்குச் செய்தது இன்னொரு நாட்டுக்குப் பயன்படாமல் போகலாம்.

6. வேலை விசா கையில் வந்து, அதில் உள்ள பணியின் பெயர் ஆஃபரில் உள்ளதோடு ஒத்துப்போன பிறகு இங்கே உள்ள வேலையை விடுங்கள்.

7. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் கொடுத்த ஆதாரம், வாட்ஸ்அப் உரையாடல், ஆஃபர் கடிதம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், இ-மைக்ரேட் தளத்திலும் புகார் பதியலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 24 மணி நேர இலவச உதவி எண் 1800 11 3090. வெளிநாட்டில் இருக்கும்போது பிரச்சினை என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தை முதலில் அணுக வேண்டும்.

விசா கட்டணமும் சம்பள வரம்பும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாடம், வயதுப் பிரிவு, அனுபவம், ஆங்கில மதிப்பெண் ஆகிய நாலும் ஒரு நாட்டின் விதியோடு பொருந்துகிறதா என்பதை வீட்டில் உட்கார்ந்தே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டியதில்லை.